‘கெடேரிதான் வேணும்!’ - வாடிவாசல் மண்ணில் ஒரு சினை ஊசிக் கதை

மதுரைப் பக்கம் காளை என்றால் அதற்குத் தனி மரியாதை. அலங்காநல்லூரிலிருந்து பாலமேடு போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் அந்த வீட்டிலும் அப்படித்தான். வாசலில் வேப்பமரத்தடியில் தனிக் கொட்டகை, தனித் தொட்டி, மேலே ஒரு மின்விசிறி. கட்டியிருப்பது வீட்டுப் பெரியவரின் ஜல்லிக்கட்டுக் காளை. பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், தை நெருங்கினால் முட்டை. காலையில் நடை, கண்மாயில் தண்ணீர் கிடந்தால் நீச்சல், சாயங்காலம் மண் குத்தப் பழக்கம். தெருவில் போகிறவர்கள் வீட்டு ஆட்களை விசாரிப்பதற்கு முன் காளையை விசாரிப்பார்கள்.

வீட்டின் பின்பக்கம் இன்னொரு கொட்டகை இருக்கிறது. தகரக் கூரை. விசிறி கிடையாது. அங்கே இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்களும் ஒரு கிடேரியும். ‘பெரியவ’, ‘செவல’, ‘சின்னவ’. இந்த மூன்றும் வீட்டு மருமகளின் பொறுப்பு. அவருக்கு வயது 43. கணவர் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். (பெயரில்தான் மாட்டுச்சந்தை, இப்போது அங்கே பஸ்ஸும் தக்காளியும்தான்.) ராத்திரி 2 மணிக்குக் கிளம்பினால் காலை 9 மணிக்குத்தான் திரும்புவார். மகள் நர்ஸிங் படிக்கிறாள். ஆட்டோ வருமானத்தில் சோறு, பால் பணத்தில் காலேஜ் ஃபீஸ். வீட்டுக் கணக்கு இவ்வளவுதான்.

முன்கொட்டகையில் ஒரு காளை நின்றால் வீட்டுக்கே கௌரவம். பின்கொட்டகையில் காளைக்கன்று பிறந்தால், அன்றைக்கு யாரும் யாருக்கும் போன் போட்டுச் சொல்வதில்லை.

காரணம் எளிமையானது. ஒரு காலத்தில் காளைக்கன்று என்றால் நாளைய உழவு மாடு, வண்டி மாடு. டிராக்டரும் பவர் டில்லரும் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. திமில் சரியாக எழும்பாத ஜெர்சிக் கலப்பு, வாடிவாசலுக்கும் ஆகாது. ஆனால், பால் மட்டும் குடிக்கும். பிறந்த கன்றுக்கு அதன் எடையில் சுமாராகப் பத்தில் ஒரு பங்கு பால் தினமும் கொடுக்க வேண்டும் என்பார்கள். தினம் இரண்டு, மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ரூபாய் ஆனது. கொழுப்பும் இதர சத்தும் குறைந்தால் அதிலும் பிடித்தம். அந்த விலைக்கு விற்கும் பாலை, நாளைக்கு ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தராத கன்றுக்கு ஊட்ட எத்தனை வீடுகளால் முடியும்?

அதனால், இருபது நாளிலோ ஒரு மாதத்திலோ மொபட்டில் ஒருவர் வருவார். பின்னால் சாக்கு விரித்த மரப்பெட்டி. கையில் கொடுப்பது சில நூறு ரூபாய்.

“கன்ன ஏத்தும்போது நான் உள்ள போயிருவேன். தாய் மாடு ரெண்டு நாளைக்குக் கத்தும், சரியாப் பால் எறக்காது. எங்கிட்டுக் கொண்டு போறீகன்னு ஒருநாளும் கேட்டதில்ல. கேட்டா தெரிஞ்சுரும்ல?” என்கிறார் மருமகள்.

‘பெரியவ’ வரிசையாக மூன்று ஈற்று காளைக்கன்றாகவே போட்டது. மூன்று முறை மொபட் வந்தது. ‘சின்னவ’ மட்டும்தான் அந்தக் கொட்டகையிலேயே பிறந்து, அங்கேயே தங்கிய கிடேரி. ‘செவல’யின் மகள்.

2024 தை மாதம். கீழக்கரையில் புதிதாகக் கட்டிய ஏறுதழுவுதல் அரங்கம் ஜனவரி 24-ம் தேதி திறக்கப்பட்டு, ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. அந்த வாரத்தில்தான் பால் சொசைட்டியில் ஒரு கூட்டம். கால்நடை டாக்டர் வந்திருந்தார். “இனிமே மாடு கெடேரியாவே போடுற மாதிரி ஒரு சினை ஊசி வந்திருக்கு” என்று அவர் ஆரம்பித்ததும், பின்வரிசையில் சிரிப்பு.

‘பாலினம் பிரிக்கப்பட்ட விந்தணு’ என்பது அதன் பேப்பர் பெயர். ஊரில் ‘கெடேரி ஊசி’ என்றால் போதும். டாக்டர் சொன்ன விளக்கத்தின் சாரம் இது. காளையின் விந்தில் இரண்டு வகை அணுக்கள். எக்ஸ் உள்ளது சேர்ந்தால் கிடேரி, ஒய் உள்ளது சேர்ந்தால் காளை. மாட்டைப் பொறுத்தவரை, எக்ஸ் அணுவில் ஒய் அணுவைவிட ஏறக்குறைய 4 சதவிகிதம் கூடுதலாக டி.என்.ஏ இருக்கிறது. அணுக்களுக்கு ஒரு சாயம் ஏற்றி, லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டால், கூடுதல் டி.என்.ஏ இருப்பது கூடுதலாக மினுங்கும். கருவி அந்த மினுக்கத்தைப் பார்த்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்துவிடும். 1980-களின் இறுதியில் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் உருவான முறை இது. பிரிட்டனில் இன்றைக்கு விற்கும் பால்மாட்டு விந்தணுக்களில் பெரும்பங்கு இந்த வகைதான். நம் மாநிலத்தில் இதற்கான நிலையம் ஊட்டியில் இருக்கிறது.

அடுத்து அவர் சொன்னதுதான் கூட்டத்தை அமைதியாக்கியது. “நூத்துக்கு நூறு கெடையாது. பத்துல ஒம்போது கெடேரி. ஒண்ணு காளையாவும் இருக்கலாம். இன்னொண்ணு, சாதா ஊசியில ஒரு குச்சியில ரெண்டு கோடி அணு இருக்கும். இதுல பெரும்பாலும் இருபது லட்சம்தான். பிரிக்கிறப்ப அதுக்கு அலைச்சலும் ஜாஸ்தி. அதனால சினை பிடிக்கிறது கொஞ்சம் கம்மி. அதுல பத்து மாடு பிடிச்சா, இதுல எட்டு, ஒம்போது பிடிக்கும். கெடேரிக்கும் முதல் ரெண்டு ஈத்து மாட்டுக்கும் போடுங்க. அடிக்கடி ஊசி தவறுற மாட்டுக்குப் போடாதீங்க.”

மருந்து விற்க வந்தவர் இப்படிப் பேசமாட்டார். ஆனால், விவசாயிகள் காதில் விழுந்தது ‘கம்மி’ என்ற ஒரு சொல்தான். கேள்விகள் கிளம்பின. கிடேரியாகவே பிறந்தால் அது மலடாகுமா? பால் குறையுமா? ஊசியிலேயே ஆணைப் பெண்ணாக மாற்றுகிறார்களா? ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தார் டாக்டர். எதையும் மாற்றவில்லை, பிரித்து எடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்போதுதான் மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் வாயைத் திறந்தார். பேத்திக்கு அப்பத்தா என்பதால், ஊரில் பாதிப்பேருக்கு அவர் அப்பத்தாதான். பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம்.

“ஏன் சார், மனுசி வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு கேட்டா செயிலு. மாட்டுக்குக் கேட்டா மானியமா?”

கூட்டமே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். அப்பத்தா சிரிக்கவில்லை. அந்தப் பகுதியில் பெண் சிசுக்களுக்கு நேர்ந்ததை 1980-களில் பத்திரிகைகள் எழுதி நாடே பார்த்தது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, 1994-ல் கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அப்பத்தாவின் வயதுப் பெண்களுக்கு அதெல்லாம் செய்தி அல்ல, பக்கத்து வீடு. பொட்டைப்புள்ளை வேண்டாம் என்று சொன்ன அதே வாய்கள் பொட்டைக்கன்று வேண்டும் என்று கையைத் தூக்குவதைப் பார்த்தால் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மருமகளிடம் சொன்னது வேறு: “சின்னவளுக்குப் போட்டுப் பாரு ஆத்தா. போனா ஒரு பருவம்.”

எதிர்ப்பு முன்கொட்டகையிலிருந்து வந்தது.

மாமனாருக்கு 70 வயது தாண்டிவிட்டது. அவர் சிறுவனாக இருந்தபோது மாடு கத்தினால் கோயில் காளையிடம் விடுவார்கள். காசு கிடையாது. ஊர்ப் பொதுக்காளை, எந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் யாரும் அடிக்கமாட்டார்கள். இந்தியாவில் செயற்கைக் கருவூட்டல் 1939-லேயே மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் தொடங்கிவிட்டது என்றாலும், அவருடைய ஊருக்கு ஊசி வந்து சேர வெகுகாலம் ஆனது. வந்தபோதும் இதே சிரிப்பு, இதே கேள்விகள். “காளை இல்லாமக் கன்னா?” என்று அவருடைய அப்பா ஊசிக்காரரைத் துரத்தியடித்திருக்கிறார். பிறகு பக்கத்துத் தெருவில் ஊசியில் பிறந்த பசு ஒரு வேளைக்கு எட்டுப்படி கறந்ததைப் பார்த்துவிட்டு, அதே அப்பாதான் ஆள்விட்டு அனுப்பினார்.

அரசின் கொள்கை அப்போது தெளிவாக இருந்தது. சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஹோல்ஸ்டீன். பால் பெருகியது, மறுப்பதற்கில்லை. கூடவே இன்னொன்றும் நடந்தது. மதுரை, சிவகங்கை, தேனி, விருதுநகர் வட்டாரத்தின் சொந்த மாடு புலிக்குளம். கிடை மாடு என்பார்கள். நூற்றுக்கணக்கில் பட்டியாக ஓட்டிக்கொண்டு போய், அறுவடை முடிந்த வயல்களில் ராத்திரி கிடை போடுவார்கள். வயலுக்கு எரு, மாட்டுக்காரருக்குக் கூலி. பால் கொஞ்சம்தான், அதைக் கறந்து விற்பதும் குறைவு. வாடிவாசலில் சீறும் காளைகளில் பெரும்பாலானவை இந்த ரத்தம். மேய்ச்சல் நிலம் குறைய, ரசாயன உரம் வர, கிடைகள் சுருங்கின. மதுரையைச் சேர்ந்த சேவா தொண்டு நிறுவனம் போன்றவர்களின் முயற்சியோடு, கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள அமைப்பு புலிக்குளத்தைத் தனி இனமாகப் பதிவு செய்தது. அந்த இனம் பெயர் வாங்கிய மானாமதுரைப் பக்கம் இப்போது அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால், 2012-க்கும் 2019-க்கும் இடையே நாட்டு மாடுகள் 6 சதவிகிதம் குறைந்தன. கலப்பின மாடுகள் சுமார் 27 சதவிகிதம் கூடின. கால்நடைக் கணக்கெடுப்பு சொல்வது இது.

இந்தக் கணக்கெல்லாம் மாமனாருக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவு: 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, சுற்றுவட்டாரத்தில் பலர் காளைகளை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். இவர் விற்கவில்லை. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர். 2019-ல் மாட்டின இனப்பெருக்கத்துக்கு மாநில அரசு சட்டம் கொண்டுவந்தபோது, ‘நம்ம காளையை நம்ம மாட்டோட சேர்க்க லைசென்ஸ் வாங்கணுமா?’ என்ற பயம் ஊருக்குள் பரவியதும் அவருக்கு நினைவிருக்கிறது. 2021 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், நாட்டுக் காளைகளைத்தான் ஜல்லிக்கட்டில் விட வேண்டும் என்றதோடு, மாடுகளுக்கு இயற்கைச் சேர்க்கையை மறுப்பதே கொடுமை என்றும் சொன்னது. அந்தப் பேப்பர் துண்டை வெகுநாள் சட்டைப்பையில் வைத்திருந்தார். 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டுச் சட்டத்தை உறுதி செய்த அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

“காளையே பொறக்காம ஊசி போட்டீங்கன்னா, அப்புறம் வாடிவாசல்ல எதைய விடுவீங்க? ஆட்டையா?” என்று கேட்டார்.

கேட்பதற்குச் சரியாக இருக்கிறது. ஆனால், கொஞ்சம் யோசித்தால் ஒட்டாது. வாடிவாசலுக்கு வரும் காளை நாட்டுப் பசுவின் வயிற்றில் பிறக்கிறது. ‘சின்னவ’ போட்டாலும் போடாவிட்டாலும் அதன் கணக்கில் கூடப்போவதுமில்லை, குறையப்போவதுமில்லை. நாட்டு மாட்டைக் குறைத்தது கிடேரி ஊசி அல்ல. அதற்கு நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முன்பே நாட்டுப் பசுவுக்கே போட்ட ஜெர்சி ஊசி. அதை ஊர் விருப்பத்தோடுதான் போட்டுக்கொண்டது, அவருடைய அப்பா உட்பட.

மருமகள் இப்படியெல்லாம் வாதாடவில்லை. “மாமா, நீங்க வளக்குறது சாமி. நான் வளக்குறது சம்பளம்” என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் கழித்து மாமனாரே டாக்டரைப் பார்க்கப் போனார். போய்க் கேட்டது: “சார், அந்த மிசினு பிரிக்கும்னீகளே, அப்ப காளங்கன்னுக்குன்னு தனியா ஊசி இருக்கா?”

கருவிக்கு எக்ஸும் ஒன்றுதான், ஒய்யும் ஒன்றுதான். எது வேண்டுமோ அதைச் சேர்த்து வைக்கலாம். புலிக்குளத்துக்கு அப்படி ஓர் ஊசி கையில் இல்லை என்று டாக்டர் சொன்னதும் மாமனாருக்கு ஏமாற்றம். ஆனால், அன்றைக்கு அவருடைய எதிர்ப்பு பாதியாகக் குறைந்துவிட்டது.

அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் 1941-ல் ரயன், கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 259 விவசாயிகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் போனார்கள். வீரிய ஒட்டு மக்காச்சோளம் நல்ல விளைச்சல் தருகிறது என்று தெரிந்தும் அதை எப்போது விதைத்தீர்கள், யார் சொல்லி விதைத்தீர்கள்? கேள்விப்பட்டதற்கும் விதைக்க முடிவெடுத்ததற்கும் இடையே சராசரியாக ஏறக்குறைய ஒன்பது வருஷங்கள். முதலில் செய்தி சொன்னவர் பெரும்பாலும் விதை வியாபாரி. நம்ப வைத்தவர் பக்கத்துக் காட்டுக்காரர். எடுத்தவுடன் யாரும் மொத்த நிலத்திலும் விதைக்கவில்லை. ஒரு மூலையில் போட்டுப் பார்த்தார்கள். விவசாயிகளை ‘பழைமைவாதிகள்’ என்று சலித்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று மாடு வைத்திருப்பவருக்கு மூலை என்பது ஒரு முழு மாடு.

மாசி மாதம் ‘சின்னவ’ பருவத்துக்கு வந்தது. அன்றைக்கு மருமகள் ஊரில் இல்லை. திருமங்கலம் பக்கம் ஒரு காதுகுத்து; முதல் நாளே போய்விட்டார். காலை 9 மணிக்கு மார்க்கெட்டிலிருந்து வந்த கணவர், மாடு கத்துவதையும் வால் தூக்கி நிற்பதையும் பார்த்துவிட்டு ஊசிக்காரத் தம்பிக்கு போன் போட்டார். “எப்பயிருந்துண்ணே கத்துது?” “இன்னிக்குக் காலையிலருந்துதான் தம்பி.” அந்தக் கணக்கை வைத்து மறுநாள் விடிந்ததும் ஊசி போட்டார்கள்.

21-ம் நாள் ‘சின்னவ’ மறுபடி கத்தியது. பிடிக்கவில்லை.

தெருவே தீர்ப்பு சொன்னது. ‘நாங்கதான் அன்னைக்கே சொன்னம்ல’ என்பவர்கள் எங்கிருந்தாவது வந்துவிடுவார்கள். ஊசிக் காசு பெரிதல்ல. ஒரு பருவம் தவறினால் 21 நாள். அந்த 21 நாளுக்கும் தீவனம், தவிடு, புண்ணாக்கு. ஈற்று 21 நாள் தள்ளினால், பால் பணம் 21 நாள் தள்ளும். மகளுடைய அடுத்த செமஸ்டர் பணத்துக்கு ‘சின்னவ’ கறவையைத்தான் மனக்கணக்கில் வைத்திருந்தார் மருமகள். இரண்டு பருவம் போனால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். “சாதா ஊசியவே போட்ரு. காளையோ பசுவோ, மொதல்ல சினை பிடிக்கட்டும்” என்றார் கணவர். அவர் சொன்னதில் தப்பில்லை.

முடிச்சை அவிழ்த்தது அப்பத்தா. ராத்திரி சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார்: “அன்னிக்கு நீ காதுகுத்துக்குப் போன ராத்திரியே அது கத்துச்சே. பத்தரை, பதினொண்ணு இருக்கும். கன்னு இல்லாத கெடேரி என்னத்துக்குக் கத்துதுன்னு நெனச்சுக்கிட்டே தூங்கிட்டேன்.”

மருமகள் விரல்விட்டு எண்ணினார். சாதாரண ஊசிக்கு ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு உண்டு. காலையில் கத்தினால் சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. பிரித்தெடுத்த அணுக்களுக்கு மாட்டின் வயிற்றில் ஆயுள் குறைவு என்பதால் அதைவிடக் கொஞ்சம் பிந்திப் போட வேண்டும். பருவம் தொடங்கி 16 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள். சினைமுட்டை வெளிவருவது பருவம் தொடங்கி 28, 30 மணி நேரத்தில். ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்ததைக் காலை 9 மணி என்று சொன்னதால், ஊசி விழுந்தபோது 30 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பஸ் போன பிறகு ஸ்டாப்புக்குப் போன கதை.

ஊட்டியில் கோடிக்கணக்கில் செலவழித்துக் கருவி வைக்கலாம். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், ஒரு டிகிரிகூட ஏறாமல் ஊர் வரை கொண்டுவரலாம். கடைசியில் எல்லாம் ‘எத்தனை மணிக்குக் கத்த ஆரம்பிச்சது?’ என்ற ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. அதற்குப் பதில் தெரிந்தவர் கொட்டகைக்குப் பக்கத்தில் படுத்திருப்பவர். பெரும்பாலும் ஒரு பெண். சொசைட்டி உறுப்பினர் அட்டையில் இருப்பதோ அவர் கணவர் பெயர். அன்றைய கூட்டத்தில்கூட முன்வரிசை நாற்காலியில் ஆண்களும், பின்னால் தரையில் பெண்களும்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால், “இந்த ஒரு தடவ” என்று கணவரிடம் கேட்டு வாங்கினார் மருமகள். இந்தமுறை பருவம் ஆரம்பித்ததை அவரே பார்த்தார். பங்குனி மாதம், அதிகாலை 4.15. கத்தல் கேட்டதுமே எழுந்து போய், மொபைல் வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கியது. ‘செவல’ மேலே ஏறியபோது ‘சின்னவ’ நகராமல் நின்றது. சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டர் தாளில் ‘4.15’ என்று எழுதினார். 16 மணி நேரம் என்றால் ராத்திரி எட்டேகால்.

ராத்திரியில் யார் வருவார்கள்? ஊசிக்காரத் தம்பி முதலில் மறுத்தார். “விடிஞ்சதும் வந்துர்றேன்க்கா.” “நீங்க விடிஞ்சு வந்தா 26 மணி நேரம் ஆயிரும் தம்பி” என்றார் இவர். போனின் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. 9 மணிக்கு பைக் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து கரன்ட் போனது. மாமனார் டார்ச் பிடித்தார். காளையைத் தவிர வேறு மாட்டுக்காக அவர் பின்கொட்டகைக்கு வந்தது வெகுநாளைக்குப் பிறகு. உறைந்த குச்சியை இளக்க 37 டிகிரி வெந்நீர் வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் பதம் என்று வைத்துக்கொள்ளலாம். மருமகள் கலந்து வைத்த தண்ணீரில் தம்பி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, “சரியா இருக்குக்கா” என்றார். வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

21-ம் நாள் ராத்திரி மருமகள் தூங்கவில்லை. 22-ம் நாளும். ‘சின்னவ’ கத்தவில்லை. மூன்றாம் மாதம் டாக்டர் கைவைத்துப் பார்த்து சினை என்றார்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. தாது உப்பு, பசுந்தீவனம், வெயில் நேரத்தில் மேலே தண்ணீர். அக்டோபர் 5-ம் தேதி மகாராஷ்டிராவின் வாசிமில் பிரதமர் ‘கௌசார்ட்’ என்ற உள்நாட்டுப் பாலினப் பிரிப்புத் தொழில்நுட்பத்தைத் தொடங்கிவைத்த செய்தி டி.வி-யில் ஓடியது. ஒரு டோஸுக்குச் சுமார் 200 ரூபாய் விலை குறையும் என்றார்கள். அதுவரை இந்தக் கருவிகளுக்கு வெளிநாட்டு நிறுவனங்களைத்தான் நம்பியிருந்தோம். “நம்ம போட்டப்பறம் வெல கொறைக்கிறாங்ய” என்று மாமனார் சலித்துக்கொண்டார். ‘நம்ம’ என்று அவர் சொன்னதை வீட்டில் எல்லோரும் கவனித்தார்கள். யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

மார்கழி மாதப் பனியில், ஒன்பது மாதமும் சில நாளும் கழித்து, ‘சின்னவ’ கன்று போட்டது. முதல் ஈற்று என்பதால் கொஞ்சம் சிரமம். கால் இரண்டும் வெளியே தெரிந்து வெகுநேரம் தலை வரவில்லை. 1962-க்கு போன் போடுவதா என்று யோசிக்கும்போதே வந்துவிட்டது. ஈரம் துடைப்பதற்கு முன் மருமகள் வாலைத் தூக்கித்தான் பார்த்தார்.

கிடேரி.

சம்பந்திகள் முதல் சித்தி மகள் வரை அன்றைக்கு போன் போனது. அப்பத்தா சீம்பாலைக் காய்ச்சித் தெருவுக்குக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டு வீடு தள்ளி ஒரு மதினி இருக்கிறார். ‘சின்னவ’ சினை என்று தெரிந்த பிறகு தன் மாட்டுக்கும் அதே ஊசி போட்டவர். அவருக்கு ஒரே தடவையில் பிடித்தது. ஆனால், அவர் மாடு போட்டது காளைக்கன்று. பத்தில் ஒன்று. “பத்துல ஒண்ணுன்னா அது ஏன் எங்க வீட்டுக்கு வரணும்?” என்று மருமகளிடம் வந்து சண்டைக்கு நின்றார். பதில் சொல்ல முடியாத கேள்வி. ‘சொசைட்டியில வந்து கேளுங்க’ என்று தட்டிவிடாமல், மருமகள் உட்கார வைத்து டீ கொடுத்தார். அந்தக் கன்று இன்னும் அந்த வீட்டில்தான் நிற்கிறது. மொபட்காரர் இரண்டு தடவை வந்து விலை கேட்டுவிட்டுப் போனார்.

‘பெரியவ’ இப்போது பருவத்துக்கு வர வேண்டிய நாள். ஐந்தாவது ஈற்று ஆகிவிட்டது, போனமுறையே ஊசி ஒருதடவை தவறியது. அதற்கு சாதாரண ஊசிதான் என்று மருமகள் முடிவு செய்துவிட்டார். ‘செவல’க்குக் கிடேரி ஊசி. மாமனார் மானாமதுரைப் பக்கம் ஒரு கிடையில் புலிக்குளம் பசு ஒன்று விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறார். அது வந்தால் எந்தக் கொட்டகையில் கட்டுவது, யார் சாணி அள்ளுவது என்பது மட்டும் இன்னும் பேசி முடியவில்லை.

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு மதினியிடமிருந்து போன்.

“ஏத்தா, எங்க மாடு கத்துற மாதிரி இருக்கு. ஒரு எட்டு வந்து பாக்குறியா?”

“வர்றேன் மதினி. மொதல்ல மணிய எழுதி வைங்க.”